இணைய விளையாட்டுக்குக் கூடுதல் சந்தா: கொடுப்பது தகுமா?



"விளையாட்டுக்கு மாதச் சந்தாவா?" என்று உங்களில் சிலர் வியக்கக்கூடும். பந்தையும் மட்டையையும் ஒருமுறை வாங்கினால் போதும் என்றிருந்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதுமைதான். ஆனால் மின்சாரத்துக்கும் தண்ணீருக்கும் மாதந்தோறும் பணம் செலுத்துவது போல இணைய விளையாட்டுக்கும் பணம் செலுத்தும் இலட்சக்கணக்கானோர் இன்று உலகில் இருக்கின்றனர். அந்தச் சந்தா அவ்வப்போது கூட்டப்படுகிறது. கூட்டப்படும் ஒவ்வொரு தடவையும் கம்பனிகளுக்கும் விளையாடுவோருக்கும் இடையில் பெரும் சர்ச்சை மூளுகிறது. ஒரு சாரார், "இது பகற்கொள்ளை" என்கின்றனர். மற்றொரு சாரார், "நல்ல பொருளுக்கு நியாயமான விலை கொடுப்பதில் என்ன தவறு?" என்று கேட்கின்றனர்.

எம் வீட்டுப் பிள்ளைகளின் கைகளிலும் இத்தகைய விளையாட்டுகள் வந்துவிட்டதனால், இதை எவரோ சிலரின் பொழுதுபோக்குச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. கொடுக்கல் வாங்கலில் நியாயம் எது, ஏமாற்று எது என்ற பழைய வினாதான் இங்கு புதிய உடையில் வந்து நிற்கிறது. எனவே சற்று நிதானமாக ஆராய்வோம்.

சந்தா எதற்காக?

கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டு வரும் விளையாட்டு வேறு. இங்கு பேசப்படும் விளையாட்டு வேறு. இதில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் ஒரே கற்பனை உலகில் கூடுகின்றனர். அந்த உலகம் விளையாடுபவரின் கணனியில் இல்லை. கம்பனியின் 'சேர்வர்' எனப்படும் பெரிய கணனிகளில் இருக்கிறது. அவை இரவு பகலாக இயங்க வேண்டும். பழுது பார்க்க, மோசடிக்காரரைப் பிடிக்க, முறைப்பாடுகளுக்குப் பதில் சொல்ல, புதிய பகுதிகளை உருவாக்க ஊழியர்கள் வேண்டும். செலவு மாதந்தோறும் உள்ளது. ஆகவே வரவும் மாதந்தோறும் இருக்க வேண்டும் என்பது கம்பனிகளின் வாதம். ஒரு சஞ்சிகைக்குச் சந்தா செலுத்தும் உங்களுக்கு இது எளிதில் விளங்கும்.

1997ஆம் ஆண்டு வெளிவந்த 'அல்ட்டிமா ஒன்லைன்' மாதம் சுமார் 10 டொலர் அறவிட்டது. 1999இல் வந்த 'எவர்குவெஸ்ட்'டும் ஏறத்தாழ அதே தொகையில்தான் ஆரம்பித்தது. 2004 நவம்பரில் வெளிவந்த 'வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்ட்' அமெரிக்காவில் 14.99 டொலர் என விலை குறித்தது. 2010ஆம் ஆண்டில் அதன் சந்தாதாரர்கள் 1 கோடியே 20 இலட்சத்தை எட்டினர்.

இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். வேர்ல்ட் ஒஃப் வோர்கிராஃப்டின் அமெரிக்க மாதச் சந்தா 20 ஆண்டுகள் கடந்தும் அதே 14.99 டொலராகவே இருந்து வந்துள்ளது. 2004இல் 15 டொலருக்கு இருந்த பெறுமதியை இன்றைய அமெரிக்க விலைவாசியில் கணக்கிட்டால் சுமார் 25 டொலர் வரும். அப்படியானால் எஞ்சிய 10 டொலரைக் கம்பனி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்துவிட்டதா? இல்லை. வாசல் கதவை அப்படியே வைத்துவிட்டுப் பக்கத்துக் கதவுகளைத் திறந்தது. 2010இல் வானில் பறக்கும் குதிரையொன்றை 25 டொலருக்கு விற்றது. கற்பனைக் குதிரை! அதைப் பெற ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றனர். 2015இல் 20 டொலர் கொடுத்து ஒரு வில்லையை வாங்கி, அதை விளையாட்டுக்குள் பொற்காசுகளாக மாற்றிக்கொள்ளும் வழியும் வந்தது.

சந்தா கூடவில்லை என்று மகிழ்ந்தவர்கள் வேறு வழியில் கூடுதலாகவே செலுத்தினர். எமது ஆய்வு இங்கிருந்துதான் ஆரம்பமாகிறது.

வெளிப்படையாகக் கூட்டியவர்கள்

'ஈவ் ஒன்லைன்' என்பது ஐஸ்லாந்துக் கம்பனியொன்று 2003இல் வெளியிட்ட விண்வெளி விளையாட்டு. இதன் மாதச் சந்தா நீண்ட காலமாக 14.95 டொலராக இருந்தது. 2022 மே மாதம் அது 19.99 டொலராக உயர்த்தப்பட்டது. அதாவது ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு உயர்வு. உலகெங்கும் விலைவாசி ஏறிவிட்டது என்பது கம்பனி சொன்ன காரணம். விளையாடுவோர் கொதித்தெழுந்தனர். "விளையாட்டில் அதற்கேற்ற முன்னேற்றம் எங்கே?" என்று கேட்டனர். பலர் கணக்குகளை மூடப்போவதாக அறிவித்தனர்.

ஆனால் இதே விளையாட்டில் 2011ஆம் ஆண்டு நடந்த இன்னொரு கலகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்போது சந்தா கூடவில்லை. கம்பனி தன் விளையாட்டுக்குள் ஒரு கடையைத் திறந்து, கற்பனைப் பாத்திரம் அணியும் ஒற்றைக் கண்ணாடியொன்றுக்கு 60 டொலருக்கும் மேல் விலை வைத்தது. சந்தா செலுத்தி வந்தவர்கள் சினமுற்று, விளையாட்டினுள் 'ஜிட்டா' என்ற வணிக மையத்தில் திரண்டு, அங்கிருந்த சிலையொன்றைச் சுட்டுத் தம் எதிர்ப்பைக் காட்டினர். ஈற்றில் கம்பனியின் தலைவர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது.

ஆக, கடை திறந்தாலும் எதிர்ப்பு, சந்தாவைக் கூட்டினாலும் எதிர்ப்பு. "இவர்களுக்கு எதுதான் வேண்டும்?" என்று கம்பனிகள் சலித்துக்கொள்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. செலவு கூடும்போது பணம் எங்கிருந்தாவது வந்தேயாக வேண்டும். அது எவரிடமிருந்து, எந்த வழியில் வர வேண்டும் என்பதே வினா.

ஒரு பெற்றாரின் முறைப்பாடு

இதற்கு விடை காண, இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் உருவான 'ரூன்ஸ்கேப்' என்ற விளையாட்டின் வரலாறு பெரிதும் உதவும். 2001இல் சகோதரர்கள் சிலர் ஆரம்பித்த விளையாட்டு இது. 2002இல் இதற்குச் சந்தா முறை வந்தபோது மாதம் 5 டொலர் மட்டுமே. பாடசாலை மாணவர்களும் தம் கைச்செலவுப் பணத்தில் கட்டக்கூடிய தொகை. பின்னர் படிப்படியாக உயர்ந்து 2024இல் 13.99 டொலரானது.

இடையில் வேறொன்றும் நடந்தது. 2012ஆம் ஆண்டு விளையாட்டுக்குள் ஒரு சக்கரம் வைக்கப்பட்டது. சுற்றினால் ஏதேனும் ஒரு பரிசு விழும். அற்பப் பொருளாகவும் இருக்கலாம்; அரும் பொருளாகவும் இருக்கலாம். தினமும் ஓரிரு சுற்று இலவசம். மேலும் சுற்ற வேண்டுமா? பணம் கொடு! 2014இல் சக்கரம் போய் அந்த இடத்துக்குப் புதையல் பெட்டிகள் வந்தன. பெட்டியைத் திறக்கச் சாவி வேண்டும். சாவிக்குப் பணம் வேண்டும். பெயர் மாறியது, உள்ளடக்கம் மாறவில்லை.

2019 செப்டெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவொன்று இத்தகைய விளையாட்டுகள் பற்றி அறிக்கை வெளியிட்டது. அதிலே இந்த ரூன்ஸ்கேப் பற்றிய ஒரு முறைப்பாடு இடம்பெற்றுள்ளது. ஒரு பெற்றார் குழுவுக்கு எழுதியிருந்தார். வயது வந்த அவரது மகன் இந்த விளையாட்டினுள் சிறுசிறு கொள்வனவுகளைச் செய்து, 50,000 பவுணுக்கும் அதிகமான கடனில் மூழ்கிவிட்டார் என்பது முறைப்பாடு. மகனோடு பெற்றாரும் நிதி நெருக்கடிக்குள் தள்ளப்பட்டனர்.

குழு கம்பனியை விசாரித்தது. ஒருவர் வாரத்துக்கு 1,000 பவுண், மாதத்துக்கு 5,000 பவுண் வரை செலவிட முடியும் என்று பதில் கிடைத்தது. முந்திய 12 மாதங்களில் அந்த உச்ச எல்லையை எட்டியவர் ஒருவரே என்றும் கம்பனி கூறியது. இத்தகைய கொள்வனவுகளே வருமானத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. எஞ்சிய இரண்டு பங்கு சந்தாவிலிருந்து வருகிறது என்ற விபரமும் வெளிவந்தது.

வாசகர்களே, இந்த மூன்றில் ஒரு பங்கு என்பதை ஊன்றிக் கவனியுங்கள்.

யாருடைய செலவில் மலிவு?

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அன்று சொல்லப்பட்ட அதே விகிதம் இன்றும் உள்ளதென்றும், எவரும் விளையாட்டை விட்டு விலகவில்லை என்றும் வைத்துக்கொள்வோம். கடையையும் பெட்டியையும் முற்றாக மூடிவிட்டுச் சந்தாவால் மட்டுமே அதே வருமானத்தைப் பெறுவதானால், சந்தா ஒன்றரை மடங்காக வேண்டும். 13.99 டொலர் கட்டியவர் சுமார் 21 டொலர் கட்ட வேண்டிவரும். மாதம் 7 டொலர் அதிகம்.

இந்த 7 டொலரை இப்போது கட்டுவது யார்? எல்லோரும் சமமாகப் பகிர்ந்து கட்டவில்லை. விளையாடுவோரில் பெரும்பாலோர் இத்தகைய கடைகளில் சொற்பமாகவே வாங்குவர். பலர் எதுவுமே வாங்குவதில்லை. ஒரு சிறு கூட்டம் மட்டும் அள்ளி அள்ளிச் செலவிடுகிறது. வியாபாரிகள் இவர்களுக்குத் 'திமிங்கிலம்' என்று பெயர் வைத்திருக்கின்றனர். அவர்களில் பணக்காரரும் இருக்கலாம். ஆனால் கையை அடக்கிக்கொள்ள முடியாதவர்களும் இருக்கின்றனர். அந்தப் பெற்றாரின் மகன் அப்படிப்பட்ட ஒருவர்தான்.

அப்படியானால் எமது முன்னால் நிற்கும் உண்மை என்ன? குறைந்த சந்தாவில் நாம் நிம்மதியாக விளையாடுவதற்கு, எங்கோ ஒரு வீட்டில் ஒருவர் கடன்பட்டுக்கொண்டிருக்கிறார். எமக்குக் கிடைக்கும் மலிவு, அவருடைய பலவீனத்திலிருந்து எடுக்கப்பட்ட மலிவு. "சந்தாவைக் கூட்டாதே" என்று குரல் எழுப்பும் முன்னர் ஒவ்வொருவரும் இதைத் தம் மனச்சாட்சியிடம் கேட்டுப் பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.

முற்றிலும் இலவசமான விளையாட்டுகளில் நிலைமை இன்னும் மோசம். அங்கே சந்தாவே இல்லை. முழு வருமானமும் இத்தகைய வழிகளிலேயே வர வேண்டும். சிறுவர் பெரிதும் விரும்பும் 'ஃபோர்ட்நைட்' விளையாட்டின் உரிமையாளர், பிள்ளைகள் உட்பட விளையாடுவோரை விரும்பாத கொள்வனவுகளில் சிக்கவைத்ததாக அமெரிக்க அரசின் வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. வாடிக்கையாளருக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக 24 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்தக் கம்பனி 2022 டிசம்பரில் உடன்பட்டது. இலவசம் என்று நம்பிப் பிள்ளையின் கையில் கொடுத்த பொருளின் விலை இது!

கூரையுள்ள விலை, கூரையற்ற விலை

பிக்ஹ் பாடத்தில் கொடுக்கல் வாங்கல் பகுதியைக் கற்பிக்கும்போது மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுக்கும் விடயங்கள் சில உண்டு. விற்கும் பொருள் இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும். விலை இவ்வளவென்று தெரிந்திருக்க வேண்டும். இரு தரப்பும் மனமுவந்து இணங்கியிருக்க வேண்டும். பொருளோ விலையோ இருட்டில் இருந்தால் அது 'கரர்'. இழப்பும் ஈட்டமும் வெறும் அதிர்ஷ்டத்தில் தொங்கினால் அது 'மைஸிர்', அதாவது சூது. இந்த அளவுகோலை முஸ்லிமல்லாதவரும் மறுக்கமாட்டார். சந்தையில் மீன் வாங்கும் எவரும் நாடுவது இதைத்தானே!

மாதச் சந்தாவை இந்த அளவுகோலில் வையுங்கள். ஒரு மாத காலம் இந்த உலகில் நுழையலாம், விலை 13.99 டொலர். வாடகை வீட்டுக்கு ஒப்பான, தெளிவான ஓர் ஒப்பந்தம். விலை கூடியது என்பதனால் மட்டும் அது அநீதியாகாது. 15 டொலர் 20 டொலரானாலும் அதற்கு ஒரு கூரை உண்டு. எத்தனை மணி நேரம் விளையாடினாலும், எவ்வளவு மனம் தளர்ந்திருந்தாலும், மாத முடிவில் 20 டொலருக்கு மேல் ஒரு சதமும் போகாது.

புதையல் பெட்டியை இனி அதே அளவுகோலில் வையுங்கள். என்ன கிடைக்கும் என்று தெரியாது. வேண்டியது கிடைக்க எத்தனை பெட்டி திறக்க வேண்டும் என்றும் தெரியாது. மறுபடி மறுபடி முயலத் தூண்டுவதற்காக ஒளியும் ஓசையும் சேர்த்திருக்கிறார்கள். விலைகூட நேரடியாகச் சொல்லப்படுவதில்லை. முதலில் பணத்தைக் கொடுத்து விளையாட்டின் சொந்த நாணயத்தை வாங்க வேண்டும். பிறகு அந்த நாணயத்தைக் கொடுத்துச் சாவி வாங்க வேண்டும். 500 நாணயம் தேவையானால் 400 உள்ள பொதியும் 1,000 உள்ள பொதியும்தான் விற்பனைக்கு இருக்கும். கையில் எப்போதும் ஏதாவது மிஞ்சும். மிஞ்சியது மறுபடி வாங்கத் தூண்டும். லொத்தர் சீட்டு விற்பவர்கூடச் சீட்டின் விலையை நேரடியாகச் சொல்கிறார்.

இத்தகைய பெட்டிகளைப் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணைக்குழு 2018இல் சூதாட்டமென அறிவித்தது. அதனால் பிரபல்யமான உதைபந்தாட்ட விளையாட்டொன்று அந்நாட்டில் தன் விற்பனை முறையை மாற்ற வேண்டியதாயிற்று. மேலே சொன்ன பிரித்தானியப் பாராளுமன்றக் குழுவும் இவற்றைச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் கொண்டுவரச் சிபாரிசு செய்தது. ஆயினும் பிரித்தானிய அரசாங்கம் 2022இல் அச்சட்டத்தைத் திருத்துவதில்லை எனத் தீர்மானித்து, பொறுப்பைக் கம்பனிகளிடமே விட்டது. அவுஸ்திரேலியாவில் 2024 செப்டெம்பர் முதல் இத்தகைய பெட்டிகள் உள்ள புதிய விளையாட்டுகள் 15 வயதுக்குக் குறைந்தோருக்கு உகந்தவையல்ல என வகைப்படுத்தப்படுகின்றன.

விளையாடுவோர் சொன்ன தீர்ப்பு

"சந்தா மட்டும் போதாது, கடையும் பெட்டியும் இல்லாமல் விளையாட்டு பிழைக்காது" என்பார்கள். இதற்கும் ரூன்ஸ்கேப்பிலேயே விடை இருக்கிறது.

2013 பெப்ரவரியில் அந்தக் கம்பனி ஒரு வாக்கெடுப்பு நடத்தியது. 2007ஆம் ஆண்டில் இருந்த பழைய வடிவத்தை மீண்டும் திறக்கலாமா என்பது கேள்வி. வாக்குகள் குறைவாகக் கிடைத்தால் வழமையான சந்தாவுக்கு மேலதிகமாகவும் கட்டணம் அறவிடப்படும்; 5 இலட்சம் வாக்குகள் கிடைத்தால் மேலதிகக் கட்டணம் இல்லை என்று படிமுறை வகுக்கப்பட்டது. கூடுதல் சந்தா கொடுக்க நேரிடலாம் என்று தெரிந்தும் சுமார் நாலரை இலட்சம் பேர் வாக்களித்தனர். பழைய வடிவம் திறக்கப்பட்டது. பின்னர் ஒரே சந்தாவில் இரண்டையும் விளையாடலாம் என்றாயிற்று.

அந்தப் பழைய வடிவத்தில் சக்கரமும் இல்லை. புதையல் பெட்டியும் இல்லை. புதிதாக எதையும் சேர்ப்பதானால் விளையாடுவோரின் வாக்கெடுப்பில் ஆரம்பத்தில் 75 வீதமும், பின்னர் 70 வீதமும் ஆதரவு கிடைக்க வேண்டும். பணத்துக்கு வாங்கி விளையாட்டுக்குள் விற்கும் 'பொண்ட்' என்ற பத்திரம் 2015 முதல் அங்கும் உண்டு என்பதைச் சொல்லியாக வேண்டும். அது முற்றிலும் குறையற்றதல்ல. ஆனால் அதிர்ஷ்டப் பெட்டி இல்லை. விளைவு? பெட்டியை நம்பிய புதிய வடிவத்தைவிடப் பெட்டியில்லாத பழைய வடிவத்தில்தான் அதிகம் பேர் விளையாடுகின்றனர். 2025இல் ஒரே நேரத்தில் விளையாடியோர் தொகை 2 இலட்சத்தைத் தாண்டியது.

ஈற்றில் கம்பனியே இறங்கி வந்தது. புதிய வடிவத்திலிருந்தும் புதையல் பெட்டியை அகற்றவா என்று 2025 நவம்பரில் வாக்குக் கேட்டது. ஒரு இலட்சம் வாக்குகள் வேண்டும் என்றது, கிடைத்தன. 2026 ஜனவரியில் பெட்டி அகற்றப்பட்டது. பாராளுமன்றக் குழுவின் அறிக்கையால் ஆகாத காரியம், வாடிக்கையாளரின் ஒன்றுபட்ட குரலால் ஆயிற்று!

மறுபக்கத்தையும் பார்ப்போம்

இதுவரை சொன்னதைக் கேட்டு, "கேட்ட சந்தாவைக் கொடுத்துவிடுங்கள்" என்பதே எமது முடிவு என எவரும் எண்ணிவிட வேண்டாம். சந்தாவைக் கூட்டுவோரிடமும் கேட்க வேண்டியவை உள்ளன.

முதலாவது, விளையாடுபவர் ஒரு வகையில் சிறைப்பட்டவர். அரிசி விலை ஒரு கடையில் கூடினால் அடுத்த கடைக்குப் போகலாம். ஆனால் 10 ஆண்டுகள் உழைத்துச் சேர்த்த பாத்திரத்தையும் பொருளையும் நண்பர்களையும் இன்னொரு விளையாட்டுக்கு எடுத்துச் செல்ல முடியாது. இந்தப் பிணைப்பை அறிந்துகொண்டே விலையைக் கூட்டுவது, போக்கிடமில்லாத குடியிருப்பாளரிடம் வாடகையைக் கூட்டுவதற்கு ஒப்பானது.

இரண்டாவது, டொலரில் விதிக்கும் விலை எல்லா நாட்டாருக்கும் ஒன்றல்ல. ஈவ் ஒன்லைன் சந்தா கூடிய அதே 2022ஐ நாம் மறந்திருக்கமாட்டோம். அவ்வாண்டின் ஆரம்பத்தில் டொலர் சுமார் 200 ரூபா. மே மாதத்தில் சுமார் 360 ரூபா. பழைய சந்தா எம் பணத்தில் சுமார் 3,000 ரூபா. புதிய சந்தா சுமார் 7,200 ரூபா. அமெரிக்கருக்கு மூன்றில் ஒரு பங்கு கூடிய அதே விலை, எமக்கு இரண்டு மடங்கையும் தாண்டியது. நாட்டின் பொருளாதார நிலைக்கேற்ப விலை குறிப்பது சில கம்பனிகளால் முடியுமாயின், மற்றவர்களாலும் முடியும்.

மூன்றாவது, இரட்டை அறவீடு. சந்தாவையும் கூட்டுவது, கடையையும் திறந்து வைப்பது! வாசலிலும் கட்டணம், உள்ளே ஒவ்வோர் அறையிலும் கட்டணம். 2025 ஜனவரியில் ரூன்ஸ்கேப் கம்பனி ஒரு கருத்துக்கணிப்பில், குறைந்த சந்தா கட்டுவோருக்கு விளம்பரம் காட்டும் யோசனையையும், கூடிய சந்தா கட்டுவோருக்குச் சலுகைகள் தரும் யோசனையையும் முன்வைத்துப் பார்த்தது. பெரும் எதிர்ப்பு எழவே பின்வாங்கியது. அந்த எதிர்ப்பு நியாயமானதே.

நான்காவது, நேரம். சந்தாவில் ஓடும் விளையாட்டுக்கு, நீங்கள் அடுத்த மாதமும் வர வேண்டும் என்ற தேவை இருக்கிறது. ஆகவே வேலைகள் வேண்டுமென்றே நீட்டப்படும். எவர்குவெஸ்ட் விளையாட்டை அதை விளையாடியவர்களே போதைப்பொருளொன்றின் பெயரைச் சேர்த்து 'எவர்கிராக்' என்று கேலி செய்தனர். பணத்துக்குக் கூரை போட்ட சந்தா, நேரத்துக்குக் கூரை போடாது. அதை நாமேதான் போட வேண்டும்.

அப்படியாயின் முடிவு என்ன?

கூடுதல் சந்தா கொடுப்பது தகும், ஆனால் நிபந்தனைகளோடு. அதிர்ஷ்டப் பெட்டி விளையாட்டினுள் இருக்கக்கூடாது. உயர்வுக்கான காரணமும் திகதியும் முன்கூட்டியே பகிரங்கமாகச் சொல்லப்பட வேண்டும். சந்தா செலுத்தியவருக்கு விளையாட்டின் முழுப் பகுதியும் திறந்திருக்க வேண்டும். வெளியேற விரும்புபவர் சேர்ந்த அதே இலகுவோடு வெளியேற முடிய வேண்டும். இவை நிறைவேறுமாயின், 14 டொலர் கொடுத்தவர் 20 டொலர் கொடுப்பதில் இழப்பதை விடக் காப்பாற்றுவதே அதிகம். தன்னைத் தானே கட்டுப்படுத்த இயலாத ஒருவரின் வீட்டை அவர் காப்பாற்றுகிறார். இந்த நிபந்தனைகள் நிறைவேறாதாயின் ஒரு சதமும் கூட்டிக் கொடுக்கத் தேவையில்லை. அப்போது சந்தாவை நிறுத்துவதே விளங்கும் மொழி. 2011இலும் 2025இலும் கம்பனிகளுக்கு விளங்கிய மொழி அதுவே.

பெற்றார் கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

பெற்றாரே! உங்கள் பிள்ளை ஓர் இணைய விளையாட்டில் ஈடுபட்டிருந்தால், ஏசாமல், பக்கத்தில் அமர்ந்து இவற்றைக் கேளுங்கள்.

ஒன்று: இதற்கு விலை என்ன? "இலவசம்" என்று பதில் வந்தால் கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். அந்தக் கம்பனி எப்படிப் பிழைக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். பிள்ளைக்கே சிந்தனை பிறக்கும்.

இரண்டு: இதில் என்ன கிடைக்கும் என்று தெரியாமல் பணம் கொடுக்கும் பெட்டியோ சக்கரமோ இருக்கிறதா? இருந்தால் அது சூதின் வாசல் என்பதைப் பிள்ளைக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்லுங்கள்.

மூன்று: எவருடைய வங்கி அட்டை இதில் பதிவாகியுள்ளது? மாதந்தோறும் தானாகவே பணம் கழிகிறதா? விளையாட்டை விட்டு மாதங்கள் கழிந்தும் சந்தா கழிந்துகொண்டிருப்பது சாதாரணமாக நடப்பதுதான். அட்டையின் இலக்கத்தைக் கருவியில் பதிந்து வைக்காமல் இருப்பது நலம்.

நான்கு: ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? பணத்தைவிட இதுவே பெரிய சந்தா. அதைக் கூட்டுவதும் குறைப்பதும் கம்பனியின் கையில் இல்லை. அது உங்கள் வீட்டுக்குள் தீர்மானிக்கப்பட வேண்டியது.

விலை குறைந்ததெல்லாம் நன்மையுமல்ல, கூடியதெல்லாம் தீமையுமல்ல. விலை வெளிச்சத்தில் இருக்கிறதா, இருட்டில் இருக்கிறதா என்பதைப் பார்க்கும் பழக்கத்தை எம் பிள்ளைகளுக்கு இளமையிலேயே ஏற்படுத்திவிட்டால், நாளை அவர்கள் கடையில் நின்றாலும் கணனியின் முன் அமர்ந்தாலும் ஏமாறமாட்டார்கள். பிறரை ஏமாற்றவும் மாட்டார்கள்.